வெண்கலக் காது சொன்ன மூன்று வாசகம்

முன்னொரு காலத்தில், ஒருவர் மனசுக்குள் நினைப்பது அவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்த காலத்தில், காரியாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை நெடுங்கோ என்ற ராஜா ஆண்டார். பயந்து பயந்து ஆண்டார். பட்டம் சூட இருந்த அண்ணன் திடீரென்று செத்துப்போனதால் இவருக்கு வந்த சிம்மாசனம் அது. ஏறி உட்கார்ந்து இருபது வருஷம் ஆகியும் ஒரு நாள்கூட அவர் நன்றாகத் தூங்கியதில்லை.

அதே நாட்டில் எயினி, மருதன் என்று பெண்டாட்டியும் புருஷனும் இருந்தார்கள். உலோகம் வார்ப்பது அவர்கள் தொழில். உலகத்தில் இல்லாததைச் செய்து பார்ப்பது அவர்கள் பைத்தியம். தானே தண்ணீர் இறைக்கும் ஏற்றம் செய்தார்கள். மழை வருமுன் கூவும் செப்புச் சேவல் செய்தார்கள்.

ராஜா அவர்களைக் கூப்பிட்டார். "மனுஷன் மனசில் இருப்பதை வெளியே சொல்கிற யந்திரம் வேண்டும். முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராஜாவுக்குப் பயந்துதான் என்று பிற்பாடு மருதன் சொல்வான், நம்பாதீர்கள். முடியும் என்று காட்டிவிட வேண்டுமென்ற ஆசை இரண்டு பேருக்குமே இருந்தது.

மலைமேல் ஒரு மாயக் குகை. அங்கே நின்று எதை நினைத்தாலும் குகை அதைத் திருப்பிச் சொல்லும். அந்தக் குகை மண்ணை அள்ளி வந்து, ஆள் உயரத்துக்கு ஒரு காதாக அச்சுப் பிடித்தார்கள். வார்க்கிற நாளில் ராஜாவும் வந்து நின்றார். உலோகம் உருகிக் கொதித்தது. வார்க்கச் சொன்னவர் தன் உடம்பிலிருக்கும் பொன்னில் கொஞ்சம் அதில் போட வேண்டும். இது வார்ப்புக்காரர் வழக்கம், சாமி சிலையானாலும் சரி, குத்துவிளக்கானாலும் சரி.

"மகாராஜா, ஏதாவது போடுங்க," என்றான் மருதன், கை பழகிய பழக்கத்தில்.

ராஜா இருபது வருஷமாகக் கழற்றாத மோதிரத்தைக் கழற்றிப் போட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முடிந்த பொருளின்மேல் சொந்தக்காரர் கைதான் முதலில் பட வேண்டும். அதனால் இவர்கள் சோதித்துப் பார்க்காமலே துணி சுற்றி அரண்மனைக்கு அனுப்பினார்கள். ராஜா எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, தனியாக அதன்மேல் கை வைத்தார். கதவைத் திறந்து வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சரியாகத்தான் வேலை செய்கிறது," என்றார்.

மறுநாளே தண்டோரா போட்டார்கள். அரண்மனை ஆட்கள் முதலில், ஊர் ஜனங்கள் பிறகு. ஒவ்வொருவராக உள்ளே போய் வெண்கலக் காதில் கை வைக்க வேண்டும், பக்கத்தில் ராஜா மட்டும் இருப்பார். அமைச்சர் ஆவணன் தெருத்தெருவாகப் போய், "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

அவரை ஒன்று கேட்கிறேன். தப்பு செய்யாதவன் வீட்டுக்குக் கதவு எதற்கு? அன்றைக்கு இதை யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள்.

சமையல்காரர் உள்ளே போனார், சிறைக்குப் போனார். நாவிதர் உள்ளே போனார், சிறைக்குப் போனார். யானைப்பாகன் உள்ளே போனார், சிறைக்குப் போனார். ஊரில் இன்னும் முறை வராதவர்கள் நினைக்காமல் இருக்கப் பழகினார்கள். தறியில் இழை எண்ணினார்கள், மாவாட்டும்போது சுற்று எண்ணினார்கள். நினைக்காமல் இருப்பது நாள் முழுக்க ஏர் பிடிப்பதைவிடக் கடினம். ஊரே களைத்துப் போயிற்று. சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

பிறகு மருதனைக் கூப்பிட்டார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே போனவன் திரும்பவில்லை. செய்தவனே துரோகி என்பதால் யானைக் காலால் இடறிக் கொல்லும்படி உத்தரவு. பாகன்தான் சிறையில் இருக்கிறாரே, அயல்நாட்டிலிருந்து வேறு பாகன் வர மூன்று நாள் ஆகும். எயினிக்குக் கிடைத்தது அந்த மூன்று நாள்தான்.

சிறைக்கு ஓடினாள்.

"அப்படி என்னத்த நெனச்சு தொலைச்சீங்க?"

"தூக்கம் வருதேன்னு நெனச்சேன்," என்றான் மருதன். "அது என்னமோ, பால் கிண்ணம், நீல நஞ்சு, சிம்மாசனம் எனக்கு, அப்படின்னு சொல்லுது."

"சிம்மாசனமா? உங்களுக்கா? முக்காலியில உட்கார்ந்தாலே சாஞ்சு தூங்குற ஆளு."

பக்கத்துக் கம்பிக்குள்ளிருந்து சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, எனக்கும் அதே மூணுதான் சொல்லிச்சு."

"எனக்கும்," என்றார் நாவிதர்.

"எனக்கும் அதேதான்," என்றார் யானைப்பாகன்.

எயினிக்குக் கொதித்த உலோகமும் அதில் விழுந்த மோதிரமும் கண்ணுக்குள் வந்தன. காதின் உடம்பெல்லாம் அந்த மோதிரம் கரைந்து கிடந்தது. இருபது வருஷம் ஒரே விரலில் இருந்து ஒரே நினைப்பைக் கேட்ட மோதிரம். யார் கை வைத்தாலும் காது அதைத்தான் சொல்லும்.

"போடச் சொன்னது நாமதான்," என்றாள்.

மூன்றாம் நாள். சபை கூடியிருந்தது. எயினி ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மகாராஜா, அந்தக் காதை இங்க கொண்டுவரச் சொல்லுங்க. எல்லாரும் கேட்கட்டும்."

"அது ராஜ ரகசியம். முடியாது."

எயினி ஆவணன் பக்கம் திரும்பினாள். "நீங்களே கேளுங்க ஐயா. தெருத்தெருவா கேட்டீங்களே. தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?"

ஆவணன் ராஜா பக்கம் திரும்பினார். சபை முழுக்க ராஜாவைப் பார்த்தது. ராஜா கை காட்ட, காது வந்தது. எயினி ஆட்டின் முன்னங்காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"பால் கிண்ணம். நீல நஞ்சு. சிம்மாசனம் எனக்கு," என்றது வெண்கலக் காது.

எங்கேயோ ஒருவர் சிரித்தார். "ஆட்டுக்குச் சிம்மாசனமா?"

"ஆட்டுக்கு வேணாம்," என்றாள் எயினி. "இதுல கரைஞ்சிருக்கிறது உங்க மோதிரம், மகாராஜா. இது யார் நினைப்புன்னு நீங்கதான் சொல்லணும். முதல் நாளே கை வச்சப்ப நீங்க கேட்ட வாசகம்தானே?"

ராஜா பேசியபோது கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"அம்மா, என் மனசைச் சரியாகச் சொல்கிறது என்றுதான் முதல் நாள் நினைத்தேன். எல்லோருக்கும் அதையே சொன்னதும், ஊரே என்னைப் போலத்தான் என்று நினைத்தேன். அண்ணன் பாலில் நஞ்சு கலந்தது நான்."

அவர் வாயாலேயே அது வந்ததும், காது உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. அதற்குப்பின் அது ஒன்றும் சொல்லவில்லை.

சிறை திறந்தது. மருதன் வந்தான், சமையல்காரர் வந்தார், எல்லோரும் வந்தார்கள். நெடுங்கோ உள்ளே போனார். போன அன்றே குறட்டை விட்டுத் தூங்கினாராம்.

அண்ணன் மகள் பட்டத்துக்கு வந்தாள். நல்லவள்தான். அவளும் எயினியைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "மோதிரம் போடாமல் வார்த்தால் இந்த முறை ஒழுங்காக வேலை செய்யுமா?"

"செய்யும், தாயே. அதனாலதான் வார்க்க மாட்டேன்."

ராணி கொஞ்சம் யோசித்தாள். "சரி, உனக்கு என்ன வேண்டும்?"

"அந்த உடைஞ்ச வெண்கலம்."

எயினியும் மருதனும் அதை உருக்கினார்கள். குகை மண் சேர்க்கவில்லை, பொன் சேர்க்கவில்லை. வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் வார்த்தார்கள். உள்ளேயிருந்து போடுகிற தாழ்ப்பாள். வீடு வீடாகப் போய் அவர்களே கதவில் பொருத்திக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் காரியாற்று நாட்டில் ஒவ்வொரு தாழ்ப்பாளாக விழுந்த சத்தம் கேட்டது. கதவுக்கு உள்ளே ஜனங்கள் காலை நீட்டிப் படுத்து, இஷ்டத்துக்கு எதை எதையோ நினைத்துக்கொண்டு கிடந்தார்கள். என்ன நினைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.