‘ஆகவே’ இல்லாத நான்கு வரி

குருவுக்குத் தாடி கிடையாது. சர்க்கரை உண்டு. ஆசிரமம், கல்லூரியின் இரண்டாவது மாடியில் இருந்த ஆங்கிலத் துறை. ஆசனம், ஒரு சக்கரம் கழன்ற சுழல் நாற்காலி. பெயர் எமரென்சியா. பேராசிரியை தும்மினாலும் முற்றுப்புள்ளி வைத்துத்தான் தும்முவார் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

சீடன் சுடலைமணி, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவன். முதலாண்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினால் ஒரு வாக்கியத்தோடு இன்னொன்று ஏன் ஒட்ட மாட்டேன் என்கிறது என்பது அவன் ஆய்வு.

அன்று அவனுக்குக் கடைசி நாள். ஐந்து மணிக்குள் திருநெல்வேலிக்குப் போய்ப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. எமரென்சியாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஜன்னலுக்குக் கீழே, சாலையில் பேருந்து வந்து நின்றது. அதை விட்டால் அடுத்த பேருந்து ஐந்துக்குள் போய்ச் சேராது.

“திருநேலி திருநேலி திருநேலி, ஏறு ஏறு, பொறத்தால எடம் கெடக்கு!”

சுடலைமணி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தை விரித்து வைத்தான்.

“இங்கதான் மேடம். பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன்.”

அவர் அந்தப் பக்கத்தை மூடினார்.

“உன் ஆய்வுல முதல் இடம் எந்தக் கட்டுரைக்குப்பா?”

“பின்னிணைப்புல இருக்கு மேடம். தலைப்பு, மழை நாள். இணைப்புச் சொற்கள் அதுலதான் அதிகம். ஆகவே, எனினும், மேலும், எல்லாம் வந்திருக்கு. கம்ப்யூட்டரே எண்ணிக் குடுத்தது.”

“வாசி. தமிழ்லயே சொல்லு. சர்க்கரை இறங்குற நேரம், இங்கிலீஷ் தாங்காது.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு கருத்தரங்கில் பேசும் குரலை எடுத்துக்கொண்டான்.

“மழை என்பது நீர். எனினும் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஆகவே எங்கள் வீட்டில் கிணறு உள்ளது. மேலும், தவளை. இதன் விளைவாகத் தம்பி எட்டாம் வகுப்பு. முடிவாகக் கூறின்...”

கருத்தரங்கக் குரல் அந்த இடத்தில் இறங்கிப் போய்விட்டது.

“முடிவாகக் கூறின்?”

“குடை, மேடம்.”

“எழுதின பய உன்னை வச்சு நல்லா விளையாடியிருக்கான். நீ இதைப் படிச்சியா?”

“எண்ணினேன், மேடம்.”

கீழே ஓட்டுநர் இன்ஜினை உறும விட்டார். மேசை மேல் இருந்த தேநீர் டம்ளர் கிணுகிணுத்தது.

“கடைசி இடம் எதுக்கு?”

“மேடம், நேரம்...”

“எதுக்கு?”

விரல் ஈரத்தில் தாள்கள் ஒட்டின. இரண்டு முறை தவறான பக்கத்துக்குப் போய்விட்டு வந்தான்.

“இதுக்கு மேடம். சுழியம். ஒரு இணைப்புச் சொல்கூட இல்ல. ‘வாக்கியங்களுக்கிடையே தொடர்பு இல்லை, சிந்தனை சிதறியுள்ளது’ன்னு குறிப்பும் எழுதியிருக்கேன்.”

“வாசி.”

“கடல் இரைந்தது. அப்பா வரவில்லை. அம்மா அப்பாவின் தட்டையும் எடுத்து வைத்தாள். நாங்கள் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை.”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ஓட்டமாக வாசித்து முடித்தான்.

“ஒண்ணுக்கொண்ணு என்ன தொடர்பு?”

“இல்லைங்கிறதுதானே மேடம் என் முடிவு.”

“மறுபடி வாசி.”

“மேடம்!”

“வாசிப்பா.”

“திருநேலி திருநேலி! வாரவுக வாங்க, வராதவுக வழியனுப்புங்க!”

சுடலைமணி ஆய்வேட்டைத் தொப்பென்று மேசையில் போட்டான். சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் அவன் ஊர் வாடை இல்லாத தமிழ்தான் பேசியிருக்கிறான். அது அறுந்துபோயிற்று.

“பஸ்ஸு கெளம்பப் போவுது, மேடம். ஆபீஸ அஞ்சு மணிக்குப் பூட்டிருவாவ. எங்கம்மை ‘எம் மவன் டாக்டரு, எம் மவன் டாக்டரு’ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு அலையுதா. காலையில அவளே சட்டை தேச்சுக் குடுத்தா. நான் எந்த மூஞ்சியோட வீட்டு நடைய மிதிப்பேன்?”

மூச்சு வாங்கியது. என்ன பேசினோம் என்று அப்புறம்தான் உறைத்தது.

“மன்னிச்சிருங்க, மேடம்.”

எமரென்சியா அவன் சட்டையைப் பார்த்தார். கழுத்துப் பட்டியில் இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை.

“அம்மா வாசல்லயே நிப்பாங்க, இல்ல?”

“நிப்பா.”

“அதை நீ சொல்லலையே. எனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சுடலைமணி கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

அவர் பேனாவைத் திறந்தார். பெருக்கல் குறி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். தேதியும் எழுதினார். பின்னிணைப்பைத் திரும்ப விரித்து, ஏட்டை அவன் பக்கம் தள்ளினார்.

“நீ இப்பப் பேசினதையும் உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. சுழியம்தான் வரும். பஸ் நிக்குது, போ.”

அவன் ஏட்டை மூடப் போனான். அந்தக் கடைசிக் கட்டுரை விரிந்து கிடந்தது. நான்கு வரி. உதடுகள் அசைந்தன. இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரியில் நின்றான். நான்காவதைப் படித்துவிட்டு மறுபடி இரண்டாவதுக்குப் போனான்.

கீழே நடத்துநர் விசில் ஊதினார்.

சுடலைமணி ஏட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவு வரை போனான். அங்கே நின்றுவிட்டான்.

“மேடம்... அந்தப் பிள்ளையோட அப்பா வந்துட்டாரா?”

“நீ கட்டுரை வாங்கி எத்தனை நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்.”

“அவ இப்ப மூணாம் வருஷம் படிக்கா.”

“பஸ்ஸு, மேடம்...”

எமரென்சியா டம்ளரை எடுத்தார். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் ஒதுக்கினார்.

“படிக்கட்டு ஒண்ணுதான். இறங்கினதும் வலது கைப் பக்கம் ரோடு. இடது கைப் பக்கம் மூணாம் வருஷ வகுப்பு.”