பரிசலில் விழுந்த சிரிப்பு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, முதலைக்கும் பேச்சு வந்த காலத்திலே, ஆற்றங்கரை ராஜ்யம் ஒன்றில் சிங்காரம் என்றொரு விதூஷகன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. அந்தச் சபையில் ஒரு வழக்கம். வேடிக்கை சொல்லி முடித்ததும் மார்பில் தட்டி, "என் சரக்கு! என் சரக்கு! என் சரக்கு!" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சிங்காரமும் தினம் தட்டுவான். ஆனால் சரக்கு அவனுடையதா? இல்லையே!

அவன் வீடு அக்கரையில். காலையில் மயிலாத்தாவின் பரிசலில் ஏறித்தான் அரண்மனைக்கு வருவான். துடுப்புப் போட்டபடியே அவள் வேடிக்கை சொல்வாள். "ஒரு மாமியார் பரிசல்ல ஏறினாங்க. 'மெதுவாப் போம்மா, என் மருமக பாவம், பின்னால நீந்தி வர்றா'ங்கறாங்க!" காலையில் அவள் சொன்னது மத்தியானம் சபையில் இவன் சரக்காகிவிடும்.

ஒருநாள் படித்துறையில் கால் கழுவும்போது ஒரு கிழட்டு முதலை தலை தூக்கியது.

"மாமியார் கதை யாருதுப்பா?"

"என்னுது."

"யாருது?"

"என்னுதுதான்!"

"மூணாவது தரம் கேக்கறேன். யாருது?"

"என்னுது, என்னுது! முதலைக்கெல்லாம் பதில் சொல்லணுமா?"

"நூறு வருஷமா இந்த ஆத்துல காது வெச்சுட்டுக் கிடக்கேன். இனி நீ சொல்ற கதைக்குச் சிரிப்பு, கதைக்குச் சொந்தக்காரங்க கிட்டதான் போகும். அவங்க பேரைச் சொல்லு, சாபம் விட்டுரும்." முதலை முங்கிவிட்டது.

மறுநாள் சபையில் ஒரு கதை சொன்னான். ராஜா வாயைத் திறந்தார். மந்திரி திறந்தார். எல்லோரும் திறந்தார்கள். சத்தமே இல்லை! சிரிப்பெல்லாம் ஜன்னல் வழியே பறந்து போயிற்று. இரண்டாம் நாளும் அப்படியே.

"நாளைக்கும் இப்படின்னா எல்லையைத் தாண்டிப் போயிடு," என்றார் ராஜா.

மூன்றாம் நாள் காலை மயிலாத்தாவின் முகம் வெளிறியிருந்தது. "ஏனுங்கண்ணா, ரெண்டு நாளா மத்தியானம் எங்கிருந்தோ சிரிப்பா வந்து பரிசல்ல விழுதுங்க. நேத்து ஒண்ணு யானைக்குட்டி கனம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி உக்காந்திருந்தா. கவிழ இருந்து தப்பிச்சோம்."

சிங்காரத்துக்குப் புரிந்துவிட்டது. அது ராஜாவின் சிரிப்பு!

சபை கூடியது. கதை சொன்னால் பரிசல் கவிழும். சொல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும். பேரைச் சொன்னால், இத்தனை நாள் ராஜாவிடமே பொய் சொன்னது வெளியாகும். பழக்கத்தில் மார்புக்குப் போன கையைக் கீழே போட்டான்.

"மகாராஜா, என் கிட்ட ஒரு சரக்கும் இல்லீங்க. இதுவரை சொன்னதெல்லாம் பரிசல்காரி மயிலாத்தாளோடது. இப்பச் சொல்லப்போறதும் அவளோடது." சொல்லிவிட்டு, மாமியார் கதையைச் சொல்லி, மருமகள் மாதிரி தரையில் விழுந்து நீந்தினான்.

சபை அதிர்ந்தது! ராஜாவின் கிரீடம் கழன்று மந்திரி மடியில் விழுந்தது.

மயிலாத்தாவுக்கு ஆள் போனது. வந்தாள். "ரெண்டு பேர்ல யாரை வெச்சுக்கறது?" என்று ராஜா கேட்டார்.

"கதை நான் சொல்வேனுங்க, ஆனா அண்ணன் தரையில விழுந்து நீந்துனாராமே, அதெல்லாம் எனக்கு வராது. அண்ணனே சொல்லட்டும். என் பேரை மட்டும் முதல்ல சொல்லிரட்டும்." ராஜா அவளுக்குப் பட்டும், சபையில் ஓர் ஆசனமும் கொடுத்தார்.

சபை கலைந்தது. மயிலாத்தாவும் கிளம்பினாள். "அக்கரையில ஆளுங்க நிப்பாங்க."

"ஆத்தா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் சிங்காரம், கூச்சத்தோடு. "ரெண்டு நாளா சபையே வாயைத் திறந்துட்டு இருந்துச்சா... அரண்மனை வைத்தியர் எல்லார் பல்லையும் எண்ணி முடிச்சுட்டார்."

மயிலாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பரிசல்ல இதான்! சிங்காரண்ணன் சொன்னதுன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பேன், பயப்படாதீங்க."

படித்துறைக் கடைசிப் படிவரை சிரித்துக்கொண்டே போனாள்.