மூச்சு விடும் சுவரொட்டி

அரிசி ஆலை முதலாளி தெய்வநாயகத்தின் பச்சைக் கார் நீலமாக வேண்டும்; செலவு மட்டும் ஆகக் கூடாது. அதனால் காரை உரசி, மூடித் தயார் செய்யும் வேலையை டிரைவர் பூவலிங்கத்தின் தலையில் கட்டினார்.

பூவலிங்கம் உப்புத்தாளால் உரசி முடித்தான். கண்ணாடிகளையும் விளக்குகளையும் மூட, தான் தோற்ற தேர்தலில் மிஞ்சிய சுவரொட்டிகளை முதலாளி கொடுத்தார். எல்லாவற்றிலும் அவரே கும்பிட்டுச் சிரித்தார்.

"நீலம் படக் கூடாத எதுலயாவது ஒரு சொட்டுப் பட்டுச்சு, உனக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியோடு காரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க முதலாளி."

"என் வாசல், என் கார். நான் ஏன்டா நகரணும்?"

பூவலிங்கம் காரை மூடிய கையோடு முதலாளியையும் மூடத் தொடங்கினான்.

"என்னடா பண்றே?"

"உங்க மேலயும் நீலம் படக் கூடாதுல்ல?"

நகர்ந்தால் கௌரவம் போய்விடும். முதலாளி நாற்காலியை விட்டு அசையவில்லை. பூவலிங்கம் மூக்குக்கு மட்டும் ஓட்டை விட்டு, அவர் மேல் சுவரொட்டிகளை ஒட்டினான்.

பெயிண்டர் வந்தார். திரும்பிய பக்கமெல்லாம் முதலாளி சிரித்தார்.

"கும்பிடு போடணும்ணே. இதுல நிஜ முதலாளி யாரு?" என்று பூவலிங்கத்திடம் கேட்டார்.

"மூச்சு விடுறவர்."

ஒரு சுவரொட்டி எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனது.