காதை மடிச்ச முயல்

ஒரு ஊர்ல ஒரு புள்ள இருந்தாளாம், பேரு அல்லி. 'ம்' கொட்டு கண்ணு... ஆங். அவளுக்கு ஆட்டிசம். மிக்ஸி 'கிர்ர்ர்'னா காதப் பொத்திக்குவா. ஃபேன் சுத்தினா சந்தோஷத்துல கையப் 'படபட'ன்னு ஆட்டுவா. தன்ன மாதிரி ஒரு புள்ள டிவில வருதான்னு தினமும் தேடுவாளாம். வரவே வராது.

அப்போ ஒரு டைரக்டர் வந்தாராம். "ஆட்டிசம் உள்ள புள்ளையப் பத்தி லைவா நாடகம் போடறோம். துணி முயல்கூட உண்டு. நடிக்கிறியா பாப்பா?"

அல்லி அம்மாவக் கூட்டிக்கிட்டு டிவி ஆபீசுக்குக் குதிச்சு குதிச்சுப் போனா.

ஒத்திகைல டைரக்டர், "பெரிய பெரிய கணக்கா டக்டக்னு சொல்லும்மா!"

"தெரியாது மாமா."

"தெரியாதா? இந்த மாதிரிப் புள்ளைங்க மேதையாச்சே!"

அப்புறம், "சரி, ஜன்னலப் பாத்து அழு"ன்னாரு. வயலின் 'ங்ஙொய்ங்'னுச்சு. அல்லி மேல பாத்தா, ஃபேன் சுத்துது. சிரிச்சுட்டா.

அப்புறம், "அம்மா ஓடிவந்து கட்டிப்பிடிப்பாங்க, உனக்கு எல்லாம் சரியாயிடும்."

"எனக்குக் காய்ச்சலே இல்லியே மாமா?"

டைரக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "இவளப் பாத்தா ஆட்டிசம் மாதிரியே இல்லப்பா! லைவ் ஆரம்பிக்கறதுக்குள்ள வேற புள்ளையத் தேடுங்க. ஆட்டிசம் இல்லாட்டியும் பரவால்ல, நல்லா நடிச்சாப் போதும்!"

அல்லி யோசிச்சா. இனிமே தன்ன மாதிரிப் புள்ள டிவில வரவே வராதா? லைட் வேற பளீர் பளீர்ங்குது. முயலத் தூக்கிக்கிட்டு மேசைக்கு அடியில பூந்துட்டா.

அந்த நேரம் பாத்து பிரியாணி வந்துச்சாம். எல்லாரும் குடுகுடுன்னு ஓட்டம். டைரக்டர் நல்லி எலும்ப 'சுர்ர்ர்'னு உறிஞ்சறாரு, லைவ் நேரம் வந்ததே தெரியல. மேசையப் பாத்து நின்ன கேமரா தானா 'டிக்'னு ஓட ஆரம்பிச்சிடுச்சு!

ஊரே பாக்குது. "முயலு, உனக்கும் சத்தமா இருக்கா?"ன்னு அல்லி அதோட நீளக் காத மடிச்சு மூடிவிட்டா.

அம்மா தவழ்ந்து வந்து, "கட்டிக்கவா?"ன்னாங்க.

"வேண்டாம். பக்கத்துல உக்காரு."

உக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துல அல்லி எட்டி ஃபேனப் பாத்தா. அவ கையும் முயல் கையும் படபட படபட!

அப்போ ஆபீஸ்ல ஃபோன் 'ட்ரிங் ட்ரிங்'. டைரக்டர் அப்பத்தான் கேமரா ஓடறதப் பாத்து, 'ஐயையோ'ன்னு ஓடிப்போய் எடுத்தாரு. ஒரு அம்மா அழுதுகிட்டே, "எம்புள்ள டிவியத் தொட்டு 'இது நான்'னு சொல்லுதுங்க!" ஃபோன் நிக்கவே இல்ல.

டைரக்டர் பிரியாணிக் கையோட, "எல்லாம் நான் யோசிச்சதுதாங்க!"ன்னாரு. அப்புறம் குனிஞ்சு, "அல்லிம்மா, நாளைக்கும் வர்றியா?"

"வர்றேன். நீங்க சாப்பிடப் போயிடுங்க."

அவ்ளோதான், அல்லியும் தூங்கிட்டா, முயலும் தூங்கிடுச்சு. உன்னக் கட்டிக்கவா கண்ணு?... சரி சரி. பக்கத்துலயே படுத்துக்கறேன். ஃபேனப் பாத்துக்கிட்டே தூங்கு.