ஜன்னலுக்கு எதிரே தெர்மாகோல்

ஓர் ஊரில் சினிமா வரலாற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். திறப்பு விழா அன்று காலை, ஜன்னலோரம் பட்டு விரிப்பின் மேல் பழைய கேமரா நின்றது. பக்கத்தில் பெரிய விளக்கு. மூலையில், ஓரம் உடைந்த ஒரு தெர்மாகோல் பலகை சாய்ந்திருந்தது.

"என்னைக் கட்டி அனுப்பிய பெட்டியின் குப்பை இன்னும் போகவில்லையா?" என்றது கேமரா.

"நான் குப்பை இல்லை. உன்னோடு ஒரே வண்டியில் படப்பிடிப்புக்கு வந்தவன். அதற்குள் மறந்துவிட்டாயா?" என்றது தெர்மாகோல்.

விளக்கு சிரித்தது. "வெளிச்சம் என்னுடையது. நீ இரவல் வாங்கி மினுக்குகிறவன்."

"இரவல்தான், ஒப்புக்கொள்கிறேன். நீ நேராக அடித்தால் மனுஷன் கண்ணை மூடிக்கொள்வான். என் மேல் பட்டுத் திரும்பினால்தான் கண்ணைத் திறப்பான்."

பேச்சில் அதை மடக்க முடியவில்லை. ஆனால் பேச்சு யாருக்கு வேண்டும்? பொறுப்பாளர் மெய்யழகன் அவசரமாக வந்தார். புது டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள் தவிர வேறெங்கும் தெர்மாகோலைப் பார்க்காதவர்.

"எஸ்தரக்கா, அந்த பாக்கிங் அட்டையை உடைச்சுக் குப்பைல போடுங்க. சீஃப் கெஸ்ட் வந்துட்டாங்க."

துப்புரவு வேலை பார்க்கும் எஸ்தர் பலகையைத் தூக்கினார். சாக்கில் திணித்தால் அதோடு கதை முடிந்தது. தெர்மாகோலுக்குப் பயமாகத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் பழைய நடிகை குமுதவல்லி உள்ளே வந்துவிட்டார். கேமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அதனருகே நின்றார்.

"அம்மா, முகம் இருட்டா விழுது. இங்கே ஃபிளாஷும் போடக் கூடாதாம்" என்றார் புகைப்படக்காரர்.

குமுதவல்லி சுற்றிலும் பார்த்தார். எஸ்தர் கையில் இருந்த பலகை கண்ணில் பட்டது. "அதான் தெர்மாகோல் இருக்கே! ஏம்மா, அதை எனக்கு எதிரே கொஞ்சம் தூக்கிப் பிடி. இன்னும் சாய்... போதும்."

ஜன்னல் வெயில் பலகையில் பட்டு அவர் முகத்துக்குத் திரும்பியது. பழக்கதோஷம், தாடை தானாக உயர்ந்தது. கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது. கேமராவுக்கே அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. அந்தக் காலத்தில் தான் பார்த்துச் சொக்கிப்போன அதே முகம்!

மெய்யழகன் தலையைச் சொறிந்தார். "இதையும் ஒரு கண்ணாடிப் பெட்டில வெச்சிடலாம்மா."

"உள்ளே பூட்டினா அது என்ன செய்யும்? ஜன்னலுக்கு எதிரே நிறுத்துங்க. வர்றவங்க முகமெல்லாம் நல்லா விழட்டும்."

அன்று முதல் வருகிறவர்கள் எல்லாரும் கேமராவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேமராவுக்குப் பழைய திமிர் திரும்பியது.

"இத்தனை படத்திலும் நான் இருக்கிறேன். நீ ஒன்றில்கூட இல்லையே!"

"முகங்களைப் பார்" என்றது தெர்மாகோல்.