கிராம்பு மொட்டாகவே காய்ந்த கதை

அந்தக் காலத்தில், மரமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், மலைமேல் நின்ற கிராம்பு மரம் வருஷத்துக்கு ஒருமுறை குலுங்கப் பூக்கும். பூத்த அன்று மலையே மணக்கும். மறுநாள் பூவை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் வாசனை இருக்காது. அத்தனையையும் காற்று வாரிக்கொண்டு போயிருக்கும். பூவுக்கு அதைப் பற்றி என்ன கவலை? அந்த ஒருநாள் தேன்சிட்டு வந்து கொஞ்சிவிட்டுப் போனால் போதும் அதற்கு.

அந்த மலையில் மாத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஈச்சன் உப்புக்காகக் கடற்கரைக்கு நடப்பவன். போக ஒரு பட்சம், வர ஒரு பட்சம். மாத்தி தினைமாவை இலுப்பை எண்ணெயில் பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தனுப்புவாள். ஐந்தாம் நாள் சிக்கு வாடை அடிக்கும், பத்தாம் நாள் பூசணம் பிடிக்கும். போன தடவை பசி பொறுக்காமல் அதையும் தின்று, வயிறு கெட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பினான் ஈச்சன்.

"ஒன் கைச்சோறு பாதி வழிக்குக்கூட என்னோட வரமாட்டேங்குது, புள்ள," என்றான். குறையாகச் சொல்லவில்லை, ஏக்கமாகத்தான் சொன்னான். மாத்திக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசனை இருக்கிற இடத்தில் பூசணம் அண்டாது என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் உருண்டையோடு கிராம்புப் பூவை இடித்துப் போட்டுப் பார்த்தாள். மலர்ந்த பூவைத்தான் போட்டாள். மொட்டைக் கிள்ளுவது தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம் என்று அந்த மலையில் ஒரு கட்டுப்பாடு. வாசனை போன பூ என்ன செய்யும்? உருண்டை கெட்டது.

ஈச்சன் மறுபடி கிளம்ப ஒரு வாரம் இருந்தது. மாத்தி கிராம்பு மரத்தடியில் நின்று அழுதாள்.

"ஏன்க்கா அழுவுறே?" என்று கேட்டது, தாழ்ந்த கிளையில் பிந்தி வந்து, மறுநாள் விரிய இருந்த ஒரு மொட்டு.

"என்னால போகமுடியாத தூரத்துக்கு என் கைச்சோறாவது போகணும். போகமாட்டேங்குதே."

மொட்டு அவள் பக்கமாகச் சாய்ந்தது. "வாசனை இப்போ எனக்குள்ளதான் எண்ணெயா இருக்கு. நாளைக்கு விரிஞ்சா காத்தோட போயிரும். வேணும்னா இப்பவே கிள்ளிக்கோ," என்றது.

"ஒனக்குப் பூக்க ஆசையில்லையா?"

"ஆசையில்லாமலா? மொட்டாகி நின்ன நாளிலேர்ந்து அந்தத் தேன்சிட்டையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்காது. நாளைக்கு என்கிட்ட வரும்." பிறகு அவசரமாகச் சொன்னது, "சீக்கிரம் கிள்ளுக்கா. இன்னும் பேசினா மனசு மாறிரும்."

பாவம் என்று தெரிந்தேதான் மாத்தி கிள்ளினாள். அந்தக் கிளையின் மற்ற மொட்டுகளும் கழுத்தை நீட்டிக் கொடுத்தன. எல்லாவற்றையும் பாறைமேல் காயப் போட்டாள்.

மறுநாள் காலை தேன்சிட்டு வந்தது. வெறும் கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. "இன்னைக்குப் பூக்க வேண்டியவ எங்கே? பாக்காத மாதிரி போனாலும் நான் நாள் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்," என்று மாத்தியிடம் கேட்டது. அவள் பாறையைக் காட்டினாள். மொட்டு அதற்குள் பழுப்பேறிப் பேச்சற்றுக் கிடந்தது. மூடியது மூடியதுதான், சிட்டு எத்தனை கொத்தியும் இதழ் விரியவில்லை.

காய்ந்த மொட்டை இடித்துச் சேர்த்த உருண்டையோடு ஈச்சன் போனான், ஒரு மாசம் கழித்துத் திரும்பினான். உடம்பு வாடவில்லை. "கடைசி உருண்டையை இன்னைக்குக் காலையிலதான் தின்னேன். நீ பக்கத்துல உக்காந்து ஊட்டின மாதிரியே இருந்துச்சு," என்றான். மாத்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்று முதல்தான் கிராம்பை மலரவிடாமல் கிள்ளிக் காயவைக்கிறோம். பண்டம் கெடாமலிருக்கப் போடுகிறோம், வயிறு கனத்தால் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்கிறோம். எத்தனை மாசம் டப்பாவில் கிடந்தாலும் அதன் வாசனை போவதில்லை. யாருக்கென்று வைத்திருந்ததோ, அந்தச் சிட்டிடம் அதைக் கொடுக்கவே இல்லையே.