பின் சீட்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. உலகத்தில் இது வழக்கம் இல்லைதான். ஆனால் இருநூற்று நாற்பது கிலோ வண்டி கீழே கிடக்கும்போது யாருக்கு என்ன வயது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

சீடர் பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார் ஆலை வைத்திருப்பவர். அவர் ஒரு குரல் கொடுத்தால் நாற்பது பேர் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வார்கள். இருபத்தாறு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு, மகள் கல்யாணம் முடிந்த கையோடு க்ரூஸர் பைக் மோகம் பிடித்தது. நீளமான வண்டி, தாழ்ந்த சீட், காலை முன்னால் நீட்டிக்கொண்டு மகாராஜா மாதிரி போகலாம். ஆசை யாரை விட்டது? வாங்கிவிட்டார்.

வாங்கிய பிறகுதான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. சந்துக்குள் திரும்பாது. சரிவைப் பார்த்து நிறுத்திவிட்டால் பின்னால் இழுக்க மூன்று ஆள் வேண்டும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் குனிந்து, "எவ்வளவுங்க தருது?" என்று மைலேஜ் விசாரிப்பார். பதில் சொல்வதா, காலைச் சரியாக ஊன்றுவதா என்று தடுமாறுவதற்குள் பச்சை விழுந்துவிடும்.

மூன்றாவது வாரம் விழுந்தார்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் திரும்பும்போது வண்டி மெதுவாக, மிக மெதுவாக, இடதுபக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. பின்னால் பட்டுச்சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி கலாமணியின் காலில், கணுக்காலுக்கு மேலே, சைலன்சர் பட்டு ஒரு விரல் நீளத்துக்குச் சுட்டுவிட்டது. பந்தலில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே! சென்னியப்பன் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். சுற்றி நின்ற முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஆடாம உக்காருன்னு உனக்கு எத்தன தடவ சொல்றது?" என்றார்.

கலாமணி சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நொண்டியபடி மண்டபத்துக்குள் போனாள்.

திரும்புகிற நேரத்தில் பயந்துபோய் நான்கு விரலாலும் முன் பிரேக்கை இறுக்கியது யார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாளில் அவருக்கும் அது மறந்துபோய்விட்டது.

அந்த வாரமே நஸ்ரினைத் தேடிப் போனார். பெரிய வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில், தேங்காய் காயப்போடுகிற களத்தில், மட்டைகளை வரிசையாக அடுக்கி அவற்றுக்கு நடுவே எட்டுப் போடச் சொல்வாள். முதல் நாளே அவர் வண்டியைப் படுக்கவைத்து, "தூக்குங்க சார்" என்றாள். அவர் குனிந்து இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, சீட்டில் இடுப்பை ஒட்டவைத்து, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் பின்னோக்கி நடந்தே அதை நிமிர்த்திவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு மாதம் ஓடியது. எட்டு வந்துவிட்டது. சரிவில் நிறுத்தி எடுக்கவும் வந்துவிட்டது. கலாமணிதான் வரவில்லை.

கோபம் இல்லை, சண்டை இல்லை. ஹெல்மெட்டை நீட்டினால், "பஸ் இருக்குதுங்க" என்பாள். அவ்வளவுதான். காபி நேரத்துக்கு வந்தது, சட்டை இஸ்திரி போட்டு வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இனி அவள் தன் பின்னால் உட்காரவே மாட்டாளோ? அவளையும் வைத்துக்கொண்டு போகத்தானே அவ்வளவு பெரிய வண்டி வாங்கியது!

ஒரு ஞாயிறு, களத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்.

"மாஸ்டர், எம் பொண்டாட்டிக்குப் பயம் போகமாட்டேங்குதுங்க. அதப் போக்கறதுக்கு என்ன வழி?"

"அன்னைக்கு எப்படி விழுந்தீங்க?"

"அவ ஆடீட்டாங்க. வண்டி படுத்துருச்சு."

நஸ்ரின் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அடுத்த ஞாயிறு எங்க போறீங்க?"

"வால்பாறைக்குங்க. மச்சினன் பொண்ணுக்கு வளைகாப்பு. அவ முத பஸ்ல போயிருவா. நான் வண்டில."

"ஆழியாறு செக்போஸ்ட்ல நில்லுங்க. நானும் வர்றேன்."

அடுத்த ஞாயிறு, சொன்ன இடத்தில் அவள் நின்றிருந்தாள். கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க சார். நீங்க பின்னாடி உக்காருங்க."

"நானுங்களா?"

"நீங்கதான்."

குருவிடம் ஏன் என்று கேட்கலாமா? கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

தன் வண்டிக்கு ஒரு பின் சீட் இருக்கிறது என்பதே அப்போதுதான் அவர் உடம்புக்குத் தெரிந்தது. முன்னால் அரியாசனம், பின்னால் முக்காலி. பிடிக்க ஒன்றும் இல்லை. பெண்பிள்ளையின் தோளைப் பிடிக்க முடியுமா? கையைப் பின்னால் விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணுக்கு எதிரே ரோடு இல்லை. நஸ்ரினின் ஹெல்மெட்தான் இருந்தது.

மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவு. வண்டி சாய்ந்தது. அவர் வலதுகால் தானாகவே கீழே அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"மெதுவா போலாமுங்க மாஸ்டர்" என்றார்.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவள் போகவே இல்லை.

"ஹாரன் அடிங்க… வளவு வருது… கியரக் கொறைங்க… பிரேக், பிரேக்!"

அவள் ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தாள். கியரைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்தாள். அவர் சொன்னதற்காக எதையும் செய்யவில்லை. மூன்றாவது வளைவுக்குள் அவர் உள்ளங்கை வியர்த்துக் கம்பியில் வழுக்கியது. எப்போது பிரேக் விழும், எப்போது வண்டி சாயும், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும்போது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. தன் உயிர் இன்னொருத்தர் மணிக்கட்டில் இருக்கிறது, தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பது, ஆலை முதலாளிக்கு இந்த வயதில் வந்து சேர்ந்த புது அனுபவம். ஐந்தாவது வளைவோடு அவர் கட்டளையிடுவதை நிறுத்தினார்.

எட்டாவது வளைவு இடதுபக்கம் திரும்புவது. மேலே எங்கிருந்தோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நஸ்ரினும் அடித்தாள். வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டியே வண்டியைத் திருப்பினாள். வண்டி இடதுபக்கம் நன்றாகச் சாய்ந்தது. தார் ரோடு எழும்பித் தன் முழங்காலுக்கு வருவதுபோல் சென்னியப்பனுக்குத் தோன்றியது.

விழுகிறோம் என்று நினைத்தார். மொத்த உடம்பையும் வலதுபக்கம் இழுத்தார்.

வண்டி சட்டென்று நிமிர்ந்தது. நிமிர்ந்த வண்டி திரும்பாது. நேராக, வலது ஓரத்தைப் பார்த்து ஓடியது. அந்த ஓரத்தில்தான் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் மாதிரி அதன் முகம் முழுவதும் அவர் கண்ணில் நிறைந்தது. அவர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது.

நஸ்ரின் கத்தவில்லை. பஸ்ஸைப் பார்க்கவும் இல்லை. தலையை மட்டும் இடதுபக்கம் முழுதாகத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தாள். இடது கையை முன்னால் தள்ளினாள். வண்டி அவர் கனத்தையும் இழுத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தது. பஸ்ஸின் பக்கத் தகரம் அவர் வலது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, சூடாக, நீளமாக, முடிவே இல்லாமல் கடந்துபோனது.

"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கூச்சல் போட்டார். "ஓட்டத் தெரியலன்னா எதுக்கு மலையேறற?"

நஸ்ரின் ஒரு கையைத் தூக்கினாள். தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்கங்க என்று ரோட்டில் தூக்குகிற கை.

ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணையைப் பார்க்க வண்டிகள் நிற்கும் இடத்தில் அவள் நிறுத்தினாள். சென்னியப்பன் இறங்கினார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த குரங்கு ஒன்று அவரைப் பார்த்துவிட்டு எதற்கு வம்பு என்று தள்ளிப் போனது.

"கொல்லப் பாத்தீங்களே!" என்றார். "எனக்கு ஒண்ணுன்னா அவ என்னங்க பண்ணுவா? மேல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கறா!"

நஸ்ரின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. கீழே அணைத் தண்ணீர் வெயிலில் கிடந்தது. சரியாக மூச்சு வர ரொம்ப நேரம் ஆனது. மூச்சு வந்ததும் மனசு எட்டாவது வளைவுக்குத் திரும்பிப் போனது. வேண்டாம் என்றாலும் போனது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"வண்டி சாயறப்போ… நான் அந்தப் பக்கம் இழுத்தனுங்களா?"

"ஆமா சார்."

"அதனாலதான் வண்டி பஸ்ஸுப் பக்கம் போச்சா?"

"அதனாலதான்."

அவர் பாட்டிலின் மூடியைத் திருகினார். திறந்தார். மறுபடி திருகினார். சட்டைப் பையில் போன் அடித்தது. கலாமணி.

"எங்க வந்துட்டிருக்கறீங்க?"

"ஒம்பதாவது வளவு."

"பாத்து வாங்க. அவசரமில்லீங்க. வளையல் போட இன்னும் நேரமிருக்குது."

போனை வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. அவசரமாகக் கேட்டார்.

"காலு எப்படி இருக்குது?"

"எந்தக் காலுங்க?"

"சுட்ட காலு."

அந்தப் பக்கம் வளைகாப்பு வீட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் இதை அவர் கேட்டது இப்போதுதான். அது இருவருக்கும் தெரிந்தது.

"ஆறிப்போச்சுங்க" என்றாள் கலாமணி. கொஞ்சம் பொறுத்து, "தழும்பு இருக்குது" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் "செரி, வெக்கறேன்" என்று அவளே வைத்துவிட்டாள்.

சென்னியப்பன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரை அணைந்த பிறகும் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. குருவுக்கு முன்னால் அழுவதில் வெட்கம் இல்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதனால் அணைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நஸ்ரின் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். பட்டையைக் கட்டினாள்.

அவர் திரும்பாமலேயே கேட்டார்.

"தப்புப் பண்ணுனது நானுங்க மாஸ்டர். சாவு பக்கத்துல போயிட்டு வந்தோம். பஸ்காரன் அத்தன பேச்சுப் பேசுனான், நீங்க கையத் தூக்கிக் கும்பிடாத கொறையா மன்னிப்புக் கேட்டீங்க. எறங்குனப்பறம் நான் உங்களத் திட்டுனேன், அப்பவும் பேசல. 'ஏன்யா ஆடுனே'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே?"

"ஓட்டுனது நான்தானே சார்."